கல்லூரி ஃபீஸை கிரெடிட் கார்டில் கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்தால் பெற்றோர் கவுன்டரில் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கணக்குப் புரிவதற்காக எல்லா இடத்திலும் ஃபீஸ் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு வாங்கும் கூடுதல் சதவீதம், கல்லூரிக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு (பேமென்ட் கேட்வே) நிறுவனம் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

சலானில் 1,00,000 என்றுதான் இருக்கிறது. கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டதும் 1,02,360 கேட்கிறதே. அந்த 2,360 யாருக்குப் போகிறது?

கல்லூரிக்குப் போகவில்லை. எங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழுவது சரியாக ஒரு லட்சம்தான்.

நீங்கள் கார்டில் பணம் கட்டும்போது நடுவில் நாலு பேர் இருக்கிறார்கள். உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரியான நெட்வொர்க், கல்லூரிக்காகப் பணத்தை வாங்கித் தரும் வங்கி, பக்கத்தைத் திறந்து ஓடிபி வாங்கும் பேமென்ட் கேட்வே. இந்த நாலு பேருக்கும் சேர்த்து வணிகர் தரவேண்டிய கூலிக்குத்தான் எம்டிஆர் என்று பெயர். இதில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். உங்களுக்கு ஒன்றரை மாதம் வட்டியில்லாமல் பணம் தருவதும், பாயின்ட் தருவதும் அந்த வங்கிதானே.

கிரெடிட் கார்டுக்கு இந்தக் கூலி 2% என்றால் 2,000 ரூபாய். அதன்மேல் 18% ஜிஎஸ்டி 360. ஆக 2,360. கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. அதனால் கல்லூரி எந்த அளவுக்குப் பேரம் பேசியதோ அதைப் பொறுத்து 1.2% என்றும் இருக்கும், 2.5% என்றும் இருக்கும். 1.2% என்றால் உங்கள் கையை விட்டுப் போவது 1,416 ரூபாய்.

துணிக்கடையில் ஒரு லட்சத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தால் கார்டுக்குத் தனியாகக் கேட்பதில்லை. கல்லூரி மட்டும் ஏன் கேட்கிறது?

நியாயமான கேள்வி. துணிக்கடைக்காரர் அந்த 2 சதவீதத்தைப் புடவை விலையிலேயே சேர்த்துவிட்டார். ரொக்கம் கொடுத்தவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரியின் நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளின் தொழிற்படிப்புகளுக்கு ஃபீஸை நிர்ணயிக்க அரசு அமைத்த குழு இருக்கிறது. கார்டு செலவு ஏறிவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஃபீஸை ஏற்றிவிட முடியாது. ஆயிரம் மாணவர்கள் ஆளுக்கு ஒரு லட்சத்தைக் கார்டில் கட்டினால் 23 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூலியாகவே போய்விடும்.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. துணிக்கடைக்காரர் எம்டிஆர் மேல் கட்டிய ஜிஎஸ்டியை, தான் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பட்டப்படிப்புக்கான கல்விச் சேவைக்கோ ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. உங்களிடம் வரி வாங்காத கல்லூரி, தான் கொடுத்த வரியை எங்கே கழிக்கும்? அந்த 360 ரூபாய் முழுச் செலவாகவே நின்றுவிடுகிறது.

அப்புறம், கல்லூரியே இதைச் சுமந்தாலும் அந்தப் பணம் எல்லா மாணவர்களின் ஃபீஸிலிருந்துதான் வரவேண்டும். நகையை அடகு வைத்து டிடி எடுத்துவரும் ஒருவர், இன்னொருவரின் கார்டு பாயின்டுக்குப் பணம் கட்டிய மாதிரி ஆகிவிடும். அதனால் கிரெடிட் கார்டில் கட்டுபவரே அதன் கூலியைக் கொடுப்பது தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் இரண்டு விஷயம் சரியாக இருக்கவேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை ஓடிபி போடுவதற்கு முன்பே காட்டவேண்டும். கூடுதல் பணம் இல்லாத வழி ஒன்றாவது திறந்திருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சண்டை போட உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியின் கவுன்டரில் 'கார்டுக்கு 2% தனி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். டெபிட் கார்டுக்கும் கேட்கிறார்கள். சரியா?

சரியில்லை. டெபிட் கார்டு எம்டிஆருக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் உள்ள வணிகர்களுக்கு அதிகபட்சம் 0.90%, அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வங்கிகளுக்கும் உத்தரவு இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு இதே வடிவில் தடை இல்லை என்பதால்தான் அங்கே வசூல் நடக்கிறது.

நடப்பு என்னவென்றால், கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய காகிதத்தில் 'கிரெடிட்', 'டெபிட்' என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. "தம்பி, இது டெபிட் கார்டு, இதுக்கு எக்ஸ்ட்ரா வாங்கக் கூடாதே" என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். பாதி இடத்தில் அதோடு முடிந்துவிடும். உங்களுடையது ரூபே டெபிட் கார்டு என்றால் பேச்சே வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட்டுக்கும் யுபிஐக்கும் எம்டிஆர் பூஜ்யம்.

யுபிஐயில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாதே?

இது பழைய கதை. கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் யுபிஐ வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது, அடுத்த மாதமே நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த 5 லட்சம், கல்லூரி என்ற வகையில் முறைப்படி பதிவான வணிகக் கணக்குக்கு மட்டும்தான். கல்லூரி தாளாளரின் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். (சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் வரம்பைப் பற்றி யோசிப்பதைவிட வேறு சிலதைப் பற்றி யோசிப்பது நல்லது.)

உங்கள் வங்கியும் தன் பங்குக்குக் குறைவான வரம்பு வைத்திருக்கலாம். புது போனுக்கு மாறியிருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு வரம்பு மிகக் குறைவாக இருக்கும். கடைசித் தேதி அன்று ராத்திரி இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

யுபிஐ வேண்டாம் என்றால் நெட்பேங்கிங் இருக்கிறது. கேட்வே வழியாகப் போனால் பெரும்பாலும் சில பத்து ரூபாய்க்குள் முடியும். கல்லூரிக் கணக்குக்கு நேரடியாக நெஃப்ட் செய்தால், சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்ப வங்கி எதுவும் வாங்கக் கூடாது. ஆனால் நெஃப்ட் செய்தவர்கள் மாணவர் பெயரையும் பதிவு எண்ணையும் குறிப்பில் போடாமல் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஸ்டேட்மென்டில் யாரோ ஒருவரின் அப்பா பெயரில் ஒரு லட்சம் வந்து நிற்கும், யார் பிள்ளைக்கு என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் வராது.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துக் கட்டினால் இந்த 2 சதவீதத்திலிருந்து தப்பிக்கலாமா?

சில இடத்தில் முடியும். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கலாம். 2,000 ரூபாய் வரைதான் அதற்கு எம்டிஆர் இல்லை, அதற்கு மேல் உண்டு. அதனால் பல கல்லூரிகள் தங்கள் கியூஆரில் கிரெடிட் கார்டை ஏற்காதபடி வைத்திருக்கின்றன. ஆப்பில் கார்டைத் தேர்ந்தெடுத்ததும் மறுத்துவிட்டால் காரணம் அதுதான், உங்கள் கார்டில் கோளாறு இல்லை.

பாயின்ட் கிடைக்கும், வருடக் கட்டணமும் தள்ளுபடியாகும். அது இந்த 2,360ஐ ஈடுகட்டாதா?

சாதாரண கார்டுகளில் ஒரு லட்சம் செலவழித்தால் கிடைக்கும் பாயின்டின் மதிப்பு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் இருக்கும். 1,000 ரூபாய் சம்பாதிக்க 2,360 ரூபாய் கொடுப்பதில் என்ன லாபம்?

அந்த 1,000மும் வருமா என்பதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வணிகருக்கும் நாலு இலக்க வகைக் குறியீடு ஒன்று உண்டு. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு 8220, பள்ளிகளுக்கு 8211. பல கார்டுகளில் கல்விக் குறியீட்டுக்குப் பாயின்ட் கிடையாது, அல்லது மாத உச்சவரம்பு இருக்கிறது. வருடக் கட்டணத் தள்ளுபடிக்கான செலவுக் கணக்கிலும் சில வங்கிகள் இதைச் சேர்ப்பதில்லை. உங்கள் கார்டின் விதிகளில் 'கல்வி' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆப்களில் ஃபீஸ் கட்டினால் குறைவு என்கிறார்களே?

முன்பு அப்படித்தான் இருந்தது. கல்விக் கட்டணம் என்ற பெயரில் சொந்தக்காரர் கணக்குக்குப் பணத்தைத் திருப்பி, கார்டு பணத்தை ரொக்கமாக்கியவர்களும் இருந்தார்கள். வங்கிகள் இப்போது கிடுக்கிப்பிடி போட்டுவிட்டன. மூன்றாம் தரப்பு ஆப் வழியாகக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு எச்டிஎஃப்சி வங்கி 2024 ஆகஸ்ட் முதலும், ஐசிஐசிஐ வங்கி 2024 நவம்பர் முதலும், எஸ்பிஐ கார்டு 2025 நவம்பர் முதலும் 1% வாங்குகின்றன. கல்லூரியின் சொந்த இணையதளத்திலோ கவுன்டர் மெஷினிலோ கட்டினால் இந்த 1% கிடையாது.

ஆப் தன் கட்டணத்தைத் திரையில் காட்டும். வங்கியின் 1% அங்கே தெரியாது, அடுத்த மாத ஸ்டேட்மென்டில் ஜிஎஸ்டியோடு வந்து நிற்கும்.

அப்படியென்றால் கார்டில் கட்டவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. கையில் பணம் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை சமாளிக்கவேண்டும் என்றால் கார்டு உதவும்.

இதில் பில்லிங் தேதிதான் முக்கியம். உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி போடப்படுகிறது என்று வையுங்கள். ஜூலை 6ஆம் தேதி கட்டினால் ஆகஸ்ட் 5 பில்லில்தான் அது வரும், டியூ தேதி ஆகஸ்ட் 25 வாக்கில். ஐம்பது நாள் கிடைக்கிறது. ஜூலை 4 அன்றே கட்டியிருந்தால் மறுநாளே பில், ஜூலை 25க்குள் பணம் வைக்கவேண்டும். ஒரே ஃபீஸ், இரண்டு நாள் வித்தியாசத்தில் ஒரு மாத அவகாசம் போய்விடும்.

ஆனால் அந்த ஐம்பது நாளும் இலவசம் இல்லை. 2,360 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். வருடக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 17% வட்டி. அதே ஒரு லட்சத்தை வங்கியில் 10% வட்டிக்கு நகைக்கடனாக எடுத்து ஐம்பது நாளில் திருப்பினால் வட்டி 1,370 ரூபாய்தான் வரும், மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் தனி. பீரோவில் நகை சும்மா கிடக்கிறது என்றால் யோசிக்கலாம். நகையும் இல்லை, நாளை மறுநாள் கடைசித் தேதி, தாமதித்தால் அபராதம் அல்லது சீட்டே போய்விடும் என்றால் கார்டைத் தேய்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாதாமாதம் மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை) மட்டும் கட்டிக்கொண்டு போனால்?

தயவுசெய்து வேண்டாம். கிரெடிட் கார்டு வட்டி மாதத்துக்கு 3.5% என்பது சாதாரணம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. அதன்மேல் 18% ஜிஎஸ்டி வேறு. மூன்று வட்டிக்கு வெளியில் கடன் வாங்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பிளாஸ்டிக் கார்டில் வந்தால் மட்டும் அது உறுத்துவதில்லை.

மினிமம் டியூ 5% என்று 5,000 கட்டினால் 95,000 நிற்கும். அதற்கு ஒரு மாத வட்டி 3,325, ஜிஎஸ்டி 598. ஆக 3,923. நீங்கள் கட்டிய ஐயாயிரத்தில் கடன் உண்மையில் குறைந்தது ஆயிரத்துச் சொச்சம்தான். போதாததற்கு, முழுப்பணம் கட்டாவிட்டால் வட்டி டியூ தேதியிலிருந்து கணக்காகாது, கார்டு தேய்த்த நாளிலிருந்தே கணக்காகும். அந்த மாதம் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாள்கள் போய்விடும்.

இஎம்ஐயாக மாற்றிக்கொண்டால் பரவாயில்லையா?

மினிமம் டியூவுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மலிவு என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சம், 12 மாதம், 15% வட்டி என்றால் மாதம் 9,026 ரூபாய். மொத்த வட்டி 8,310. வட்டிக்கு ஜிஎஸ்டி 1,496. பிராசஸிங் கட்டணம் 1% என்றால் ஜிஎஸ்டியோடு 1,180. கார்டில் கட்டியதற்கு முதலிலேயே கொடுத்த கூடுதல் பணம் (கன்வீனியன்ஸ் ஃபீ) 2,360. கூட்டினால் 13,346 ரூபாய்.

ஒரு செமஸ்டருக்கு இப்படிச் சமாளிக்கலாம். நாலு வருடப் படிப்பையும் கார்டு இஎம்ஐயிலேயே ஓட்ட நினைத்தால் கல்விக் கடனுக்குப் போய்விடுங்கள். வட்டி குறைவு, படிப்பு முடியும்வரை தவணை கட்டவேண்டாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவும் உண்டு. கார்டு இஎம்ஐ வட்டிக்கு அது கிடையாது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை சேர்ந்த கல்லூரி மத்திய அரசின் பட்டியலில் இருந்தால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியமும் கேட்கலாம்.

என்னிடம் கார்டு இல்லை. மாமா கார்டில் கட்டிவிட்டு அவருக்குப் பணம் கொடுத்துவிடலாமா?

கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை. ரசீது மாணவர் பெயரில்தான் வரும். ஆனால் சீட்டை ரத்து செய்தால் பணம் மாமாவின் கார்டுக்குத்தான் திரும்பும், உங்களுக்கு வராது. மாமா நல்லவராக இருப்பது இங்கே அவசியம்.

மாமா ஊரில் எல்லோருக்கும் கார்டைக் கொடுத்து உதவுபவர் என்றால் அவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்கு 10 லட்சம் அல்லது அதற்கு மேல் கட்டினால், அல்லது ரொக்கமாக ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் கட்டினால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். வருமானம் 6 லட்சம், கார்டு செலவு 12 லட்சம் என்று இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு.

பணம் போய்விட்டது, மெசேஜும் வந்துவிட்டது. கல்லூரிப் பக்கத்தில் 'பென்டிங்' என்றே காட்டுகிறது. திரும்பக் கட்டவா?

உடனே கட்டாதீர்கள். கேட்வேயிலிருந்து எங்களுக்குத் தகவல் வருவதில் சில மணி நேரம் தாமதமாகலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து, கல்லூரி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எஸ்பிஐ வங்கியின் ஃபீஸ் கட்டும் பக்கமான எஸ்பிஐ கலெக்டில் கட்டியிருந்தால் DU என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறிப்பு எண் இருக்கும். பதிவு எண்ணோடு அதைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தேடிவிடுவோம். வெறும் 'பணம் போயிடுச்சு சார்' என்று வந்தால் எங்களாலும் எதுவும் செய்ய முடியாது.

பணம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைசித் தேதி நெருங்கிவிட்டால் யுபிஐயிலோ நெட்பேங்கிங்கிலோ மறுபடி கட்டிவிட்டு, முதல் பணத்தைப் பின்னால் துரத்துங்கள்.

வேறு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கார்டில் கட்டியது முழுதாகத் திரும்புமா?

ஃபீஸைத் திருப்புவதற்கு யுஜிசி விதிகள் இருக்கின்றன. 2024-25இல் செப்டம்பர் 30க்குள் விலகியவர்களுக்கு முழு ஃபீஸ், அக்டோபர் 31க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்து மீதி என்று தேதி குறித்திருந்தது. உங்கள் வருடத்துக்கான அறிவிப்பைப் பாருங்கள். ஆனால் 2,360 திரும்பாது. அது கேட்வேக்கும் வங்கிக்கும் எப்போதோ போய்விட்டது. அதனால் கலந்தாய்வு இன்னும் பாக்கி இருக்கும்போது, 'இப்போதைக்கு ஒரு சீட் பிடித்துவைப்போம்' என்று கட்டும் ஃபீஸை மட்டுமாவது யுபிஐயில் கட்டுங்கள்.

வருமான வரிக் கழிவுக்குக் கார்டில் கட்டினால் பிரச்சினை உண்டா?

இல்லை. பழைய முறையில் இருந்தால் இரண்டு பிள்ளைகள் வரை டியூஷன் ஃபீஸை ஒன்றரை லட்சம் ரூபாய்க் கழிவு வரம்புக்குள் காட்டலாம். கன்வீனியன்ஸ் ஃபீயையும் ஹாஸ்டல் பணத்தையும் சேர்க்க முடியாது. ஸ்டேட்மென்டை வைக்காமல் கல்லூரி ரசீதை வையுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நம் கார்டில் கட்டலாமா?

அங்கே அடி இரண்டு பக்கமும் விழும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கார்டுக்கு ஏறத்தாழ 3% சேவைக் கட்டணம் வாங்குகின்றன. நம் வங்கி அந்நியச் செலாவணி மாற்றுக்கு 2% முதல் 3.5% வரை வாங்கும், அதற்கு ஜிஎஸ்டியும் போடும். விண்ணப்பக் கட்டணம் மாதிரிச் சில்லறைத் தொகைக்குக் கார்டு போதும். ஃபீஸை வங்கி மூலம் அனுப்புங்கள்.

டெபிட் கார்டுக்குக் கூடுதல் வாங்கினார்கள், கேட்டால் பதில் இல்லை. எங்கே போவது?

முதலில் கல்லூரிக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு அந்த மெஷினைக் கொடுத்த வங்கிக்கு. மெஷினில் வரும் சீட்டின் தலைப்பிலேயே அந்த வங்கியின் பெயர் இருக்கும், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் எப்படிப் புகார் கொடுப்பது என்று சொல்வார்கள். மெஷின் சீட்டு, கல்லூரி ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ரசீதில் ஒரு லட்சமும் ஸ்டேட்மென்டில் அதற்கு மேலும் இருப்பதே உங்கள் சாட்சி.